கோட்டுக்காரரும் என் சகலையோட சூப்பு வண்டியும்

இளநீர் வெட்டிப் பிழைக்கறவனுக்கு ஒரு சங்கடம் உண்டுங்க: காயைச் சீவறப்ப கண்ணு அரிவாள்ல இருக்கோணும், ஆனா காது மட்டும் பக்கத்து வண்டிக்குப் போயிரும். பக்கத்துலயே போட்டிக்கடை உள்ளவங்க இதைப் படிச்சா நான் சொல்றது புரியும். கோயமுத்தூர்ல ஒரு பார்க்கு வாசல்ல பல வருசமா நிக்கறேன். அஞ்சாவதுக்கு மேல படிக்கல. எழுத்துல தப்பிருந்தா பொறுத்துக்கோங்க, காதுல கேட்டதுல தப்பிருக்காது.

சூடு ஆறுற நேரம்

எனக்குப் பக்கத்துல முருங்கைக்கீரை சூப்பு விக்கற தங்கவேலு, என் சகலை. என் சம்சாரத்தோட தங்கச்சியைக் கட்டினவன். இந்த இடத்தை அவனுக்குக் காட்டிவிட்டதே நாந்தான். அதுதான் நான் செஞ்ச முதல் தப்பு. இளநீரை வாங்கினவங்க ரெண்டு இழுப்புல முடிச்சுட்டுப் போயிருவாங்க. சூப்பு சுடும். ஊதி ஊதிக் குடிக்கறதுக்குள்ள நாலு பேரு சேந்துருவாங்க, பேச்சும் சேந்துரும்.

அன்னைக்குப் பேச்சு அமெரிக்காவைப் பத்தி. அங்க ஒருத்தரு அதிபர் பதவிக்கு நிக்கறேன்னு சொல்லிப்போட்டாராம். பேரு என் வாயில நுழையல, படத்துல கோட்டுப் போட்டிருந்ததால கோட்டுக்காரருன்னு வச்சுக்கோங்க. குடும்பம், சாமி, ஒழுக்கம் எல்லாம் பழைய முறைப்படியே இருக்கோணும், வெளிநாட்டு ஆளுக வர்றதைக் குறைக்கோணும்ங்கற கட்சி அவரோடது. பெரிய தேர்தலுக்கு முன்னாடி, அந்தக் கட்சிக்காரங்களே ஒருத்தரோட ஒருத்தர் மோதுவாங்களாம். அதுல யாரை நிறுத்தறதுன்னு கட்சி ஆளுகளே ஓட்டுப் போடுவாங்களாம். இதையெல்லாம் விளக்கிச் சொன்னது சுப்பிரமணியம் சார். கணக்கு வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவர், நடைப்பயிற்சி சங்கத்துக்குச் செயலாளர். அவ்வளவும் தெரிஞ்ச மனுசன் கடைசியில என் சகலை பக்கம் திரும்பிச் சொன்னார், "நாங்க பேசி என்னங்க தங்கவேலு, உங்க பொண்ணு அங்கயே இருக்குது, அது என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க."

டெக்சாசும் காங்கேயமும்

தங்கவேலு பொண்ணு கம்ப்யூட்டர் வேலைக்கு டெக்சாஸ் போயி மூணு வருசமாச்சு. அதுக்கு அங்க ஓட்டுக் கிடையாது. இருந்தாலும் தினமும் காலையில போன்ல மூஞ்சியைக் காட்டிப் பேசும். இவன் ஒரு கையில கரண்டி, ஒரு கையில போனோட, "பாப்பா சொல்லுதுங்க, அங்க பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்குதாம், பாதிப் பேருக்கு ஆகறதில்லையாம்"பான். இதைச் சொல்றதுக்கு டெக்சாஸ் வரைக்கும் போகோணுமா? இங்கிருந்தே நான் சொல்லியிருப்பேன். ஆனா சுத்தி நிக்கறவங்க என்னமோ வேதவாக்கைக் கேட்ட மாதிரி "அப்படிங்களா, அப்படிங்களா"ன்னு தலையாட்டுவாங்க.

எனக்கும் பொண்ணு இருக்குது. காங்கேயத்துல கட்டிக் குடுத்திருக்கேன், மாப்பிள்ளைக்கு எண்ணெய் மில்லுல வேலை. காங்கேயத்துல யாரு எதுக்கு நிக்கறாங்கன்னு இந்தப் பார்க்குல ஒருத்தரும் இதுவரைக்கும் கேட்டதில்லை. ஒருநாள் நானே வாயைத் தொறந்து, "காங்கேயத்துல எங்க பாப்பா சொல்லுச்சுங்க"ன்னு ஆரம்பிச்சேன். எதிர்ல நின்னது மேரி டீச்சர். தவறாம சபைக்குப் போறவங்க, நல்ல மனசு. முழுசாக் கேட்டாங்க. கேட்டுட்டு, சூப்பு வண்டிப் பக்கமா நகந்துக்கிட்டே சொன்னாங்க, "சரிங்கண்ணா, அங்க தேங்கா எண்ணெய் நல்லதாக் கிடைச்சா எனக்கும் ரெண்டு லிட்டர் சொல்லி வையுங்க."

வழுக்கைக் காய்

நானும் ஒரு வழி கண்டுபிடிச்சேன். தண்ணிக்காயா எடுத்தாத்தானே குடிச்சுட்டுப் போறாங்க? வழுக்கை பிடிச்ச காயா தட்டிப் பாத்து எடுத்தேன். வெட்டிக் குடுத்தா, மட்டையில சுரண்டித் திங்கறதுக்கு ஆளு நின்னாகோணும். அந்த நேரத்துல, "ஏனுங்க, கோட்டுக்காரரைப் பத்தி என்ன நினைக்கறீங்க?"ன்னு ஒவ்வொருத்தரையா கேட்டேன். சகலைக்கு அந்த ஆளு மேல பயம், பொண்ணோட விசா நிலைக்குமான்னு. அதனாலயே நான் கோட்டுக்காரர் பக்கம் சாஞ்சேன், கேக்கறப்பவே அதையும் சொல்லிருவேன். வேற காரணம் எனக்கில்லை.

கேட்ட அத்தனை பேரும் என் பக்கம். மேரி டீச்சர், "சாமி பயம் உள்ளவரு, நிக்கட்டுங்க"ன்னாங்க. சூலூர்ல தறி ஓட்டற செந்தில், "தங்கமான மனுசனுங்க, ஜெயிப்பாருங்க"ன்னார். எனக்குத் தலைகால் புரியல. அஞ்சு நிமிசங்கூட ஆகல, அதே செந்தில் சூப்பை ஊதிக்கிட்டு என் சகலைகிட்டச் சொல்றது என் காதுல விழுது: "அவரு வரவே கூடாதுங்க. நம்ம துணிக்கு வரியை ஏத்திப்போட்டா, திருப்பூர்ல சரக்கு தேங்கும், சூலூர்ல என் தறி நிக்கும். உங்க பாப்பாவுக்கும் சிரமம்." மறுநாள் செந்திலை நிறுத்திக் கேட்டுப்போட்டேன், ரெண்டு நாக்கானு. அவரு கொஞ்சமும் அசரல. "ஏனுங்கண்ணா, உங்க காயைத் தின்னுக்கிட்டே உங்களை எதுத்துப் பேசினா நல்லாவா இருக்கும்?"

ஊட்டுல

இதையெல்லாம் ஊட்டுல சொல்லிப் புலம்பினேன். இட்லிக்கு மாவு வழிச்சுக்கிட்டிருந்த என் சம்சாரம் நிமிந்துகூடப் பாக்கல. "அமெரிக்காவுல யாரு ஜெயிக்கறதுன்னு உங்களுக்குக் கவலையா, இல்ல என் தங்கச்சி ஊட்டுக்காரரு ஜெயிச்சுப்போடுவாருன்னு கவலையா?"

நான் குடுத்த புகாரு

வயித்தெரிச்சல் தாங்காம ஒருநாள் சுப்பிரமணியம் சாரைத் தனியாக் கூப்பிட்டேன். "சார், நான் சொன்னேன்னு வெளிய சொல்லிப்போடாதீங்க. கோட்டுக்காரரு பேச்சுல சூப்பு வண்டிகிட்ட வழியே அடைச்சுப் போகுது. வயசானவிய உள்ள நுழைய முடியலீங்க"ன்னேன். அதுல பொய் இல்லீங்க. ஆனா உண்மையை எதுக்குச் சொன்னேன்னு என் மனசுக்குத் தெரியும்.

அவரு கணக்கு வாத்தியாரு. ரெண்டு நாள் யோசிச்சு, கூட்டத்துக்கு நடுவுல வந்து என் பேரைச் சொல்லியே அறிவிச்சார், "கருப்பண்ணன் சொன்னது நியாயமுங்க, இனி முன்வாசல்ல ஒரே வண்டிதான், இன்னொண்ணு பின்வாசலுக்குப் போகோணும், முன்வாசல் யாருக்குன்னு ஞாயித்துக்கிழமை உறுப்பினருங்க கை தூக்கிச் சொல்லட்டும்."

கை தூக்கினாங்க

பின்வாசல்ல குப்பை வண்டி நிக்கும், மனுசரு நிக்க மாட்டாங்க. அங்க போனா என் பொழப்பு முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒவ்வொருத்தரையும் பாத்துக் கேட்டேன். "இதென்னங்க கேள்வி, உங்களுக்குத்தானுங்க"ன்னாங்க எல்லாரும். செந்தில் பாடம் சொல்லிக்குடுத்தும் எனக்குப் புத்தி வரல. நம்பிப்போட்டேன்.

அன்னைக்குச் சார் முதல்ல என் பேரைச் சொன்னார். எல்லாக் கையும் மேல போச்சு. முதல் கை யாருதுங்கறீங்க? தங்கவேலுது. புகாரு குடுத்தவன் நாந்தான்னு தெரிஞ்சும் தூக்கினான். மேரி டீச்சர் இளநீர்க் காயோடவே கையைத் தூக்கினாங்க. அடுத்தாப்பல தங்கவேலு பேரைச் சொன்னார். அதே கையெல்லாம் மறுபடி மேல போச்சு, டீச்சர் இந்தத் தடவை சூப்புக் கப்போட. தங்கவேலு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தான். எனக்குக் கூச்சமாப் போயி, நானும் தூக்கிப்போட்டேன். சார் நோட்டை மூடிட்டார். "உங்களையெல்லாம் வச்சுக்கிட்டுத் தேர்தல் நடத்தறதுக்கு, அந்த அமெரிக்காக்காரங்க மூஞ்சிக்கு நேரா திட்டிக்கறதே தேவலைங்க."

பின்வாசல்

தங்கவேலு மெல்ல அடுப்பை அணைச்சான். "வாசலைச் சகலையே வச்சுக்கட்டுங்க, நான் பின்னால போய்க்கறேன்"னு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போனான். அமெரிக்காவுலயும் போட்டியில இருந்து விலகறவரு இப்படித்தான், இன்னொருத்தருக்கு வழி விட்டுட்டுப் போவாராம். அப்புறம் சார் சொன்னார். எனக்கு அவனைப் பாத்தா பாவமா இருந்துது. சந்தோசமும் இருந்துது, மறைக்க மாட்டேன்.

திங்கக்கிழமை நல்ல காயா நாப்பது இறக்கி, அரிவாளைத் தீட்டி வச்சுக்கிட்டு நின்னேன். எல்லாரும் வந்தாங்க, வணக்கம் வச்சாங்க, உள்ள போனாங்க. ஒருத்தரும் திரும்பி வரல. கடைசியா செந்தில் மட்டும் தன்னோட பைக்கை எடுக்க இந்தப் பக்கம் வந்தார், வாயில முருங்கைக்கீரை வாசத்தோட. என் மூஞ்சியைப் பாத்ததும் பதறிப்போயிட்டார். "கோவிச்சுக்காதீங்கண்ணா, முன்வாசல் என்னைக்கும் உங்களுதுதானுங்க, நாங்க நடையை மட்டும் பின்னால முடிச்சுக்கறோம்."

இப்ப முன்வாசல் முழுசும் என்னுது. கோட்டுக்காரரு என்ன ஆனாருன்னு தெரியோணும்னா மட்டும், காய்க மேல துண்டைப் போத்தி வச்சுட்டு, பின்வாசலுக்குப் போயி, நானும் ஒரு கப்பு சூப்பு வாங்கி ஊதிக்கிட்டு நிக்கறேன்.