தொண்டை வழியே பெருநாடி

எங்கள் தொழிலில் ஒரு சங்கடம்: நாங்கள் வேலையைத் தொடங்குமுன் வாடிக்கையாளர் நித்திரையாகிவிடுவார்; பிறகு எங்களை யாருக்கும் தெரியாது. கல்யாண மண்டபத்தில் மைக் செட் பிடிப்பவர்களுக்கும் சமையற்கட்டில் நிற்பவர்களுக்கும் என் குறை உடனே விளங்கும்.

லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் இதய ஒப்பரேசன்களுக்கு மயக்கமருந்து கொடுக்கும் டொக்டர் நான். இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடி வீங்கிப்போனால், சர்ஜன் அந்தத் துண்டை வெட்டியெடுத்துவிட்டுத் துணிக்குழாய் ஒன்றை வைத்துத் தைப்பார். அவருக்கு வழி சொல்வதும் என் வேலைதான். விரல் தடிப்பில், ஒலியலையால் படம் காட்டும் ஒரு ஸ்கான் கருவியை நோயாளியின் தொண்டை வழியாக உணவுக்குழாய்க்குள் இறக்குவேன். அதற்கு முன்னால்தான் பெருநாடி இருக்கிறது. எங்கே வீக்கம், எங்கே சுண்ணாம்பு படிந்திருக்கிறது, இரத்தத்தை மறிக்க எங்கே கிடுக்கி போடலாம் என்று திரையைப் பார்த்துச் சொல்வேன்.

கட்டிலடியில் நின்றவள்

சவுத்தாலில் இருந்து வந்த ஓர் ஐயாவை ஒப்பரேசன் முடிந்த ஐந்தாம் நாள் வார்டில் போய்ப் பார்த்தேன். சர்ஜனைக் கைகூப்பிக் கும்பிட்டார். நேர்ஸ்மாருக்கு வடை கொடுத்தார். ஐந்து மணித்தியாலம் அவருடைய பெருநாடியையே பார்த்துக்கொண்டிருந்தவள் என்ற உரிமையில் நானும் சிரித்தபடி கட்டிலடியில் நின்றேன். ஐயா அன்பாகத்தான் சொன்னார்:

"தங்கச்சி, இந்தத் தட்டையும் ஒருக்கா எடுத்துக்கொண்டு போங்கோ."

புட்டு

சூசைதாசன் அண்ணை மன்னார்க்காரர், லண்டன் சட்டனில் பஸ் ஓட்டுபவர். பெருநாடி அபாயமான அளவுக்கு வீங்கியிருந்தது. ஒப்பரேசனுக்கு முதல்நாள் பயிற்சி மருத்துவர் ஒருத்தி அவருடைய படிவத்தோடு ஓடிவந்தாள். 'விழுங்கும்போது உணவு சிக்குமா?' என்ற கேள்விக்கு அண்ணை 'ஓம்' போட்டிருந்தார். உணவுக்குழாய் சுருங்கியிருந்தால் என் கருவி அதைக் கிழித்துவிடும். கருவி இல்லாமல் சர்ஜன் கத்தி எடுக்கமாட்டார். அப்படியென்றால் நாளைய ஒப்பரேசன் இல்லை.

நானே போய்க் கேட்டேன். "அண்ணை, என்ன சாப்பாடு இறங்குதில்லை?"

"புட்டு."

சோறு? போகும். பாண்? அதுவும் போகும். இறைச்சி, மாத்திரை, தண்ணீர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் சுகமாகப் போகும். "புட்டுக்கு என்ன கறி?" என்றேன். அண்ணை தன் மனைவி ஜெயமணி அக்காவைப் பார்த்தார். அக்கா தன் கைப்பையைப் பார்த்தார். கறியும் இல்லை, சொதியும் இல்லை, சம்பலும் இல்லை. ஏழு மாதமாக அந்த மனுசன் வெறும் புட்டைத் தின்றிருக்கிறார். அப்படித் தின்றால் எனக்கும்தான் சிக்கும். படிவத்தைத் திருத்தச் சொன்னேன். அக்கா மெதுவாகச் சொன்னார்:

"டொக்டர் தேங்காய்ப்பாலைக் குறைக்கத்தான் சொன்னவர், பிள்ளை. நான் பயத்தில எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டன்."

அவர் கேட்ட ஒன்று

அக்கா தேத்தண்ணி வாங்கப் போன நேரம் அண்ணை என்னைக் கிட்டக் கூப்பிட்டார். உயிருக்குப் பயமில்லையாம். குரல்தான் பயமாம். பயம் நியாயமானதுதான். குரல் நரம்பு பெருநாடியைச் சுற்றிக்கொண்டுதான் தொண்டைக்கு ஏறுகிறது. போதாக்குறைக்கு என் கருவியும் அதே தொண்டைக்குள்ளால் போகிறது. ஒவ்வொரு பெரிய வெள்ளியும் தங்கள் கோவிலில் இயேசுவின் சாவுக்கு ஒப்பாரி பாடுவது அவர்தானாம். குரல் போகாது என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. "மெதுவாத்தான் இறக்குவன், அண்ணை" என்று மட்டும் சொன்னேன். வாசலைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்:

"சண்டைக்குள்ள செத்த தம்பிக்குச் செத்தவீடு செய்ய ஏலாமப் போச்சுது, பிள்ளை. ஆண்டவருக்குப் பாடேக்க அவனுக்கும் சேர்த்துத்தான் பாடுறன். மனுசிக்குக்கூடச் சொன்னதில்லை."

ஒரு விரல் அகலம்

மறுநாள் ஜெல்லியைத் தாராளமாகப் பூசிக்கொண்டு, பிள்ளைக்கு மருந்து பருக்குகிற பதத்தில் கருவியை இறக்கினேன். ஆனால் பெருநாடியின் ஒரு துண்டு என் திரையில் தெரியாது. நடுவில் மூச்சுக்குழாய் இருக்கிறது, ஒலி காற்றைத் தாண்டாது. அந்த இடத்துக்கு மட்டும் சர்ஜன் உறை போட்ட இன்னொரு கருவியைத் திறந்த நெஞ்சுக்குள் பெருநாடிமேல் நேராக வைப்பார், நான் திரையில் பார்ப்பேன். அவர் கிடுக்கி போட நினைத்த இடத்திலேயே உள்ளே ஒரு படிவு, இரத்த ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கிடுக்கி விழுந்தால் அது உடைந்து மூளைக்குப் போகும். "அங்கே வேண்டாம்" என்றேன். அவர் விரலால் தடவிப் பார்த்தார். வழுவழுப்பாக இருக்கிறதே என்றார். "வேண்டாம்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. ஒரு விரல் அகலம் கீழே இறங்கிக் கிடுக்கியைப் போட்டார். எல்லாம் முடிந்து கையுறையைக் கழற்றும்போது ஆங்கிலத்தில் சொன்னார்:

"இருபது வருஷமாக நான் இந்த விரலைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்."

கடைசி வாங்கு

கண் விழித்த அண்ணைக்குக் குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. குழாய் வைத்த கரகரப்பு, போய்விடும் என்றேன். போகாமலும் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்கப் புட்டு என்ன, எனக்குத் தண்ணீர்கூட ஒழுங்காக இறங்கவில்லை.

நான் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவில்காரி. ஆனாலும் மூன்று மாதம் கழித்து வந்த பெரிய வெள்ளி மத்தியானம் ரயிலேறிச் சட்டனுக்குப் போய், அவர்களுடைய தேவாலயத்தில் பெஞ்சு வரிசையில் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யார் என்று பார்த்தால் ஜெயமணி அக்கா. அண்ணை எழுந்து நின்றார். முதல் வரி உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. நான் என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரியில் குரல் பிடித்தது, பிறகு ஏறியது, ஏறிக்கொண்டே போனது. நான் அழுதேன், வெட்கமில்லாமல். அக்கா என் கையைப் பிடித்துக் காதோடு சொன்னார்:

"தம்பியாருக்கும் சேர்த்துத்தான் பாடுறார். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார், பிள்ளை."

ஒரு மனிதருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நான் பதின்மூன்று வருஷம் படித்தேன்; அக்கா புட்டு அவித்துக்கொண்டே பார்த்திருக்கிறார்.