வீட்டுக்கு ஒரு வேலை

ஒறஞ்ச ரப்பர் பால், அதான் கட்டிப்பால், அந்த நாத்தம் இருக்கே... தோட்டத்துல பொறந்தவங்களுக்கு அது மூக்குலயே ஏறாது. நான் ஈப்போ டவுன்ல வளந்தவ. புது பாஜு கூரோங் உடுப்புல அந்த நாத்தம் ஒட்டிக்குமோன்னு கவலைப்பட்டுக்கிட்டேதான் அன்னைக்கு ஆபீஸ் வேன்ல இருந்து எறங்குனேன்.

முப்பது வருஷம் ஆவப் போவுது.

மாநில அரசாங்க ஆபீஸ்ல தற்காலிக கிராணி வேலை எனக்கு, பைல் எழுதுற குமாஸ்தா. சேந்து மூணு மாசங்கூட ஆவல. ஈப்போவுக்கு வெளிய ஒரு ரப்பர் தோட்டத்தை எடுத்து தொழிற்பேட்டை ஆக்கப் போறாங்க. அதைத் தோட்டத்து சனங்ககிட்ட வெளக்கிச் சொல்லணும். ஆபீசர் மலாய்ல பேசுவாரு, தமிழ் அவருக்கு ஒரு சொட்டு வெளங்காது. ஆபீஸ்லயே தமிழ் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். "நீயும் வா"ன்னுட்டாரு. எனக்கு தலகால் புரியல போங்க. என்னமோ நானே பேக்டரி கட்டப் போறவ மாதிரி.

விடியக்காலையில ஆளுங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கிற பெரட்டுக் களத்துலதான் மத்தியானம் கூட்டம். ஆபீசர் கலர் கலரா ஒரு மேப்பை மாட்டுனாரு. நடுவுல பெரிசா ஒரு எலெக்ட்ரானிக் கம்பெனி. சுத்தி அதுக்கு பிளாஸ்டிக் செய்றவங்க, அட்டைப்பெட்டி செய்றவங்க, லோரிக்காரங்க. "கிளஸ்டர்"னாரு. பெரியவன் ஒருத்தன் வந்துட்டா சின்னவனுங்க தானா பின்னாடியே வந்துருவானுங்களாம்.

நான் அதை அப்படியே தமிழ்ல சொன்னேன்.

முன்னால நின்ன ஒரு அக்கா மட்டுந்தான் கேள்வி கேட்டாங்க, அஞ்சலைன்னு பேரு. ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு நேரா வந்திருந்தாங்க, கையில இன்னும் பால் காயல.

"தோட்டம் குடுத்த லயன் வீட்டை விட்டுட்டு நாங்க போயிட்டா, எங்க புள்ளைங்களுக்கு இங்க வேலை உண்டா?"

ஆபீசர் என்ன சொன்னாரு தெரியுமா? கம்பெனிக்காரங்க வந்த பெறகு, இங்க உள்ளவங்களையும் கொஞ்சம் பாருங்கன்னு பேசிப் பாக்கலாம்னாரு. அவ்ளோதான். நல்ல மனுஷன், பொய் சொல்லல.

பொய் சொன்னது நான்.

அந்த மொகங்களப் பாத்துக்கிட்டு "பேசிப் பாக்கலாம்"னு சொல்ல எனக்கு நாக்கு வரல. "வீட்டுக்கு ஒரு வேலை கண்டிப்பா உண்டுக்கா"ன்னு மைக்குல சொல்லிட்டேன். படபடன்னு கை தட்டுனாங்க. ஆபீசர் என்னைப் பாத்து சிரிச்சாரு, நல்லா வெளக்கிட்டேன்னு நெனச்சிருப்பாரு. அந்தக் கைதட்டுல எனக்கு உச்சி குளுந்து போச்சு.

கெளம்புற நேரத்துல அஞ்சலை அக்கா மகளை இழுத்துக்கிட்டு வந்தாங்க. பவானி. பள்ளிக்கூடத்துல அஞ்சாம் பாரம் வரைக்கும் முடிச்ச புள்ள.

"பினாங்குல ஒரு பேக்டரியில கூப்புடுறாங்க, தங்குறதுக்கு எடமும் தராங்களாம். அனுப்பட்டுமா தங்கச்சி? இல்ல, இங்கயே வேலை வந்துருமா?"

"இங்கயே வந்துரும்கா. பொம்பளப் புள்ளைய எதுக்கு அவ்ளோ தூரம்..."

அனுப்பல. நான் சொன்னதுக்காக அனுப்பல.

அந்தப் பெரியவன் வரவே இல்லங்க. துறைமுகம் கிட்ட இருக்குன்னு பினாங்குப் பக்கமே போயிட்டான். அவன் வரலன்னதும் சின்னவனுங்களும் எட்டிப் பாக்கல. மரத்தையெல்லாம் சாச்ச எடத்துல வருஷக்கணக்கா லாலான் புல்லுதான் ஆளொசரத்துக்கு நின்னுச்சு. சனங்க ஈப்போ, காம்பார்னு மலிவு வீடுங்களுக்கு செதறிப் போயிட்டாங்க.

அஞ்சலை அக்கா ரெண்டு தடவை ஆபீசுக்கு வந்தாங்க, பவானியோட சர்ட்டிபிகேட்டை பிளாஸ்டிக் பையில சுத்திக்கிட்டு. மொத தடவை, "இன்னும் கொஞ்ச நாள்கா"ன்னேன். ரெண்டாவது தடவை அவங்க படியேறி வாரதைப் பாத்துட்டேன்... கவுண்டர்ல இன்னொருத்தியை ஒக்கார வெச்சிட்டு பைல் ரூம்ல போயி ஒளிஞ்சிக்கிட்டேன். ஆமா, ஒளிஞ்சேன். இத்தனை வருஷத்துல இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. என் வீட்டுக்காரருக்கே தெரியாது.

ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் ஒண்ணொண்ணா பேக்டரிங்க வந்துச்சு. மெஷின்ல நிக்கிறதுக்கு ஏஜெண்டுங்க வெளிநாட்டு ஆளுங்களைக் கொண்டாந்து எறக்குனாங்க.

நான் இன்னும் அதே ஆபீஸ்லதான் இருக்கேன், பென்ஷனுக்குக் கொஞ்ச வருஷந்தான். இப்போ புது மேப், புது கிளஸ்டர். போன மாசம் அது விஷயமா, அந்தத் தோட்டம் இருந்த எடத்துல உள்ள ஒரு பேக்டரியில மீட்டிங். ஆரம்பிக்கிறதுக்கு முன்னால டாய்லெட்டுக்குப் போனேன். கிளீனிங் குத்தகைக் கம்பெனி சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தி மோப் அடிச்சிக்கிட்டு இருந்தா. நிமுந்து என்னையே பாத்தா.

"அக்கா... நீங்கதானே அன்னைக்கு எங்க பெரட்டுல மைக் புடிச்சுப் பேசுனது? நான் பவானி லா. அஞ்சலை மக."

அம்மா எப்படின்னு கேட்டேன். தவறிப் போயிட்டாங்களாம்.

மன்னிச்சிரும்மான்னு சொல்ல ஆரம்பிச்சேன். அழுகைதான் முந்திக்கிட்டு வந்துச்சு. அவளுக்கு எதுக்குன்னே வெளங்கல.

"எதுக்குக்கா அழுவுறீங்க? நீங்க சொன்ன மாதிரி எங்க வீட்டுக்கு ஒரு வேலை கெடச்சிருச்சே! எங்க லயன் இருந்தது அந்தா, அந்த கார் பார்க்குலதான். அம்மா கடைசி வரைக்கும் சொல்லும்... அந்த ஆபீஸ் தங்கச்சி பொய் சொல்லல, லேட்டாயிருச்சு, அவ்ளோதான்னு."

அப்புறம் மோப்பை ஓரமா இழுத்துக்கிட்டு, "பாத்துப் போங்கக்கா, தரை ஈரமா இருக்கு"ன்னா.

இப்போ அந்த எடத்துல கட்டிப்பால் நாத்தம் இல்ல. பவானி தரை கழுவுற எலுமிச்சை வாசந்தான் மீட்டிங் ரூம் வரைக்கும் வருது. ஏர்கோன் குளிர்ல ஒக்காந்துக்கிட்டு ஸ்கிரீனைப் பாத்தேன். மேப் மாறி ஒரு வட்டம் வந்துச்சு. அதுல பச்சையா ஒரு துண்டு... உள்ளூர் ஆளுங்களுக்குக் கெடச்ச வேலையாம்.

அந்தப் பச்சைத் துண்டுக்குள்ள பவானியும் இருக்கா.

எல்லாரும் கை தட்டுனாங்க. என்னால தட்ட முடியல.