தொண்டைக்காகக் கேட்ட ஜெபம்

இதை உங்கள் முன் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் எனக்காகச் சாப்பிடாமல் கிடந்தவர்களிடம் சொல்லாமல் இருப்பது அதைவிட வெட்கம், பிரியமானவர்களே.

போன வருடம் சிரம்பானில் ஒரு சமூகக் கல்லூரியில், சனிக்கிழமைகளில் நடக்கும் கதை எழுதும் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தேன். என்னை உங்களுக்குத் தெரியும். ரெம்பாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள், நீலாயில் தொழிற்சாலை வேலை. இந்த வயதில் கதை எழுதப் போகிறேன் என்று சபையில் எப்படிச் சொல்வது? வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "வீட்டுல அளக்குற கதை பத்தலையா?" என்று சிரித்தார்.

எழுதுவது வந்தது. வாசிப்பதுதான் வரவில்லை. எழுதியதை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். மற்றவர்கள் ஆசிரியைகள், படித்த பிள்ளைகள். நான் எழுதியதெல்லாம் லயத்துக் கதை. எழுந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அழுதுகொண்டே உட்கார்ந்துவிடுவேன். கடைசி வகுப்பில் வாசிக்காதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்றார்கள். அன்று பஸ்ஸில் வரும்போது மனம் விட்டுப் போயிற்று.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில், "சொல்ல முடியாத ஒரு காரியம் இருக்கு, ஜெபிச்சுக்குங்க" என்றேன். அப்படிச் சொன்னால் நம் கூட்டத்தில் யாரும் தோண்டிக் கேட்பதில்லை. அந்த மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மேரி அக்கா மட்டும் மெதுவாக, "உடம்புக்காம்மா?" என்றார். "தொண்டைதான்கா" என்று கழுத்தைத் தொட்டேன். அவர் முகம் மாறியது. என்ன நினைக்கிறார் என்று புரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அன்று முதல் வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தீர்கள். சனிக்கிழமை நான் பஸ் ஏறுவது சிகிச்சைக்கு என்று நினைத்தீர்கள். கஞ்சி கொண்டுவந்து கொடுத்தீர்கள். குடித்தேன். அதை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று இன்றும் தெரியவில்லை.

இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது என்று அக்காவிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். அந்தச் சனிக்கிழமை காலை காரோடு என் வீட்டு வாசலில் நின்றார். "தனியா போக வேணாம்லா. டாக்டர் என்ன சொல்றாருன்னு நானும் கேக்குறேன்."

வழியெல்லாம், ஆண்டவரே, என் வெட்கத்தை எடும், இல்லையென்றால் என்னை எடும் என்று ஜெபித்தேன். சிரம்பானில் ஆஸ்பத்திரிப் பக்கம் காரைத் திருப்பப் பார்த்தார். "அங்க இல்லக்கா" என்றேன். கல்லூரி வாசலில் நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப கட்டி கிட்டி ஒன்னும் இல்லையா?"

"இல்லக்கா."

ஸ்டியரிங்கில் தலையை வைத்து, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழுதார். பிறகு நன்றாகத் திட்டினார். எனக்கு வேண்டியதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தன பேரு பட்டினி கெடந்திருக்கோம். ஒழுங்கா உள்ள போயி வாசி. நானும் வர்றேன்" என்றார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, சபையில் செய்வதுபோல் கையைத் தூக்கிக்கொண்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். செம்பனை மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு தாய், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகக் கூச்சப்படும் கதை அது. முதல் வரியில் தொண்டை அடைத்தது. நின்றேன். பிறகு குரல் வந்தது. நடுங்கிக்கொண்டே வந்தாலும் கடைசி வரி வரை வந்தது. முடித்ததும் அக்கா சத்தமாக "ஆமென்" என்றார். வகுப்பே சிரித்தது, பிறகு கை தட்டியது. சான்றிதழும் கிடைத்தது.

இல்லாத ஒரு கட்டிக்காக நீங்கள் ஜெபித்தீர்கள். கர்த்தருக்கு என் தொண்டையில் என்ன இருந்தது என்று தெரியும், அதை எடுத்தார். அவருக்கே மகிமை. உங்களில் யாராவது சொல்ல முடியாத காரியம் என்று எதையாவது வைத்திருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். கூசிக்கொண்டே கேட்டாலும் அவர் கேட்பார். நானும் இன்று அப்படித்தான் கேட்கிறேன்: என்னை மன்னித்துவிடுங்கள்.