சித்தூர் ஜில்லா, திருத்தணி

தமயந்திக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் தெருவே பேசியது. நன்றாகப் படிக்கிற பெண்ணை யாராவது பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவார்களா?

மகள் யுவஸ்ரீ நன்றாகத்தான் படித்தாள், அங்கேதான் சிக்கல். நோட்ஸில் இருந்ததெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. கேள்வியில் ஒரு சொல்லை மாற்றிக் கேட்டால் மட்டும் பேந்தப் பேந்த விழிப்பாள். “எதுக்கு, ஏன்னு நீ கேக்கவே மாட்டியாடி?” என்றாள் தமயந்தி ஒருநாள். “கேட்டா மார்க் தருவாங்களாம்மா?” என்றது எட்டு வயசுப் பிள்ளை. அன்றைக்கே தாய்க்காரி, இனி வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பது என்று முடிவுசெய்துவிட்டாள்.

தமயந்தி பன்னிரண்டாவது வரை படித்தவள், வீட்டில் தையல் வேலை. போனில் தேடித் தேடிப் பழைய காலத்துப் படிப்பு முறை ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒரு பக்கத்தை வாசி, புத்தகத்தை மூடு, வாசித்ததை உன் வாயால் சொல். நல்ல வரிகளைப் பார்த்து அழகாக எழுது. செய்யுளை மனசில் ஏற்று. இதற்கான பழைய புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கௌதமனிடம் கொடுத்துப் பிரின்ட் எடுத்தாள். கரையான் அரித்த ஓட்டைகள்கூடக் கறுப்புக் கறுப்பாகத் தாளில் விழுந்தன. “இன்னாக்கா, மியூசியம் வெக்கப் போறியா?” என்று அவன் கிண்டலடித்தான்.

கணவன் குமரேசன் அம்பத்தூர் கம்பெனிக்கு தினமும் ரயிலில் போய்வருகிறவன். அவன் போட்ட நிபந்தனை ஒன்றுதான். “ஒரு வருஷம் தரேன். மே மாசம் எங்க பாவா வந்து கேள்வி கேப்பாரு. பதில் சொல்லலைன்னா ஜூன்ல பொண்ணு ஸ்கூலுக்குப் போவும். அப்புறம் நீ வாயே தொறக்கக் கூடாது.”

பாவா என்றால் அவன் அக்கா புருஷன் பரந்தாமன், அரக்கோணம் பக்கம் வாத்தியார்.

முதலில் இரண்டு வரிக்கு மேல் சொல்லத் திணறிய பிள்ளை, தீபாவளிக்குள் அம்மா குழம்பைத் தீயவிட்டுக் கேட்கும்படி கதை சொன்னாள். ஆனால் கேள்வி மட்டும் இன்னும் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அந்தக் குறையைத் தமயந்தி வெளியே சொல்லவில்லை.

மே மாத ஞாயிறு. அடுப்பில் கறி கொதிக்கிறது, கூடத்தில் பரிட்சை நடக்கிறது. வாய்ப்பாடு, செய்யுள், கதை எல்லாம் கடகடவென்று வந்து விழுந்தன. குமரேசன் முகம் மலர்ந்துபோனது. பரந்தாமன் சும்மா ஒப்புக்குக் கடைசியாக ஒன்று கேட்டார். “நம்ம ஊரு எந்த மாவட்டம் கண்ணு?”

“திருத்தணி சென்னை ராஜதானியைச் சேர்ந்த சித்தூர் ஜில்லாவில் உள்ளது!”

“போச்சுடா!” என்று தலையில் கைவைத்தான் குமரேசன். “எந்த ஊர்ல குந்திகினு கீறோம்னே தெரியல!”

தமயந்திக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பழைய பூகோளப் புத்தகத்தில் இருந்த வரி அது. மலையும் ஊரும் மாறவா போகிறது என்று, தேதிகூடப் பார்க்காமல், அவளேதான் குண்டு குண்டான எழுத்தில் பார்த்து எழுதவைத்தாள்.

“தப்பு என்னுதுங்க,” என்றாள், குரல் உடைந்து. “ஸ்கூலைக் குத்தம் சொல்லிட்டு நானும் அதே மனப்பாடத்தைத்தான் பண்ணிகினு இருந்திருக்கேன். ஜூன்ல சேத்துடுங்க.”

பரந்தாமன் சிரித்துவிட்டார். “அழாதம்மா. ஒரு காலத்துல இது சரியான பதில்தான். நம்ம தாலுகா அப்போ சித்தூர்லதான் இருந்துது. ஆந்திராவைப் பிரிச்சப்போ அந்தப் பக்கம் போயிடுச்சு, சில வருஷம் கழிச்சுதான் இந்தப் பக்கம் வந்துது. பொண்ணு கொஞ்சம் லேட்டா சொல்லிட்டா, அவ்ளோதான்.”

“இரு மாமா!” என்றாள் யுவஸ்ரீ. உதட்டைக் கடித்தபடி நின்றிருந்தவள் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். “ஊரு இங்கயேதானே இருந்துது? அப்போ ராத்திரி ஆந்திராவுல படுத்தவங்க காலைல தமிழ்நாட்டுல எழுந்தாங்களா?”

“ஆங்... அப்படித்தான் வெச்சுக்கயேன்.”

“அவங்களக் கேட்டுட்டா மாத்தினாங்க? தெலுங்குல படிச்சுகினு இருந்த பசங்க இன்னா பண்ணாங்க? கோடு எங்க போடணும்னு யாரு சொன்னா?”

பரந்தாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “முழுசா எனக்கே தெரியாது கண்ணு.”

“உனக்கு, நைனா?”

குமரேசன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். “நான் பொறந்து வளந்த ஊரு பாவா இது,” என்றான் மெதுவாக. “ஒரு நாள்கூட எனக்கு இதைக் கேக்கணும்னு தோணல.”

தமயந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்போ ஜூன்ல...” என்று இழுத்தாள்.

“ஜூன் பேச்சை வுடுடி,” என்றான் குமரேசன். “அவங்களக் கேட்டாங்களா இல்லியான்னு எனக்கு மொதல்ல தெரியணும்.”