சினை மாட்டைச் சும்மா கொடுத்த வீடு

கல்வராயன் மலையடிவாரத்துப் பால் சொசைட்டியில் செல்லியம்மாளுக்குச் சந்தேகப்படுவதுதான் வேலை. இருபது வருடமாகப் பாலைச் சோதித்துத் தண்ணீர் கலந்தவர்களைப் பிடிக்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமை, பக்கத்துத் தெரு ராணியம்மாள் தன் எட்டு மாதச் சினை மாட்டை ஓட்டிவந்து அவள் வீட்டில் கட்டினாள்.

"வச்சிக்கோக்கா. வெள்ளிக்கெழமைக்கு அப்புறம் எங்களுக்குத் தேவப்படாது."

"ஏண்டி, எங்க போறீங்க?"

ராணியம்மாள் கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

சொசைட்டியில் கேன் தூக்கும் வேடியப்பன் சிரித்தார். "அதிர்ஷ்டம் வூடு தேடி வருது. அதையும் சந்தேகப்படு."

செல்லியம்மாள் சந்தேகப்பட்டாள். கன்று போடப்போகும் மாட்டைச் சும்மா கொடுக்கிற குடியானவரை அவள் கண்டதில்லை.

ராணியம்மாளின் கணவர் நாராயணசாமி செத்து இரண்டு வருடம். பாகத் தகராறில் சொந்தங்கள் விலகின, பிறகு அக்கம்பக்கமும். செத்த அப்பா தன்னோடு பேசுவதாக மகன் இளஞ்செழியன் சொன்னான். இல்லை என்று மறுக்க வெளியாள் யாரும் அந்த வீட்டுப் படியேறவில்லை. தாய் நம்பினாள். மகள் தனுஷா பிளஸ் டூவை விட்டாள். ஏதோ வேண்டுதல் என்று ஊர் ஒதுங்கியது. செல்லியம்மாளும்தான்.

இப்போது போய்க் கதவைத் தட்டினாள். இளஞ்செழியன் பாதி திறந்தான்.

"மாடு தீனி எடுக்கல தம்பி. தனுஷா வந்து நின்னாதான் தின்னும்போல."

"அவ வரமாட்டா."

"வாயில்லா ஜீவன் பட்டினி கெடந்தா, அந்தப் பாவம் உங்கப்பாவத்தான் சேரும்."

அவன் உள்ளே பார்த்தான். "அஞ்சு நிமிசம்."

தனுஷாவை அழைத்துவந்தபோது, செல்லியம்மாள் வீட்டில் மாடு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

"நல்லாத்தான தின்னுது பெரிம்மா?"

"தெரியும். வெள்ளிக்கெழம இன்னா?"

தனுஷா மாட்டின் முதுகைத் தடவினாள். "மூணு பேரும் அப்பாகிட்ட போறோம்."

செல்லியம்மாள் மாட்டுக்கு இன்னொரு பிடி வைக்கோலை அள்ளிப் போட்டாள். "உங்கப்பா பேசறது உனக்குக் கேட்டுச்சா?"

"அண்ணனுக்குக் கேக்குது. அம்மாவும் கேக்குதுன்னாங்க. நானும் கேக்குதுன்னு சொன்னேன்."

"கேட்டுச்சா?"

"இல்ல பெரிம்மா." அப்போதுதான் அழுதாள்.

செல்லியம்மாள் சொல்ல, வேடியப்பன் பாகத் தகராறில் விலகியிருந்த தனுஷாவின் பெரியப்பாவுக்கும் நூற்றெட்டு ஆம்புலன்சுக்கும் போன் போட்டார். செல்லியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்று ராணியம்மாள் கத்தினாள்: "எம்பொண்ண அனுப்புக்கா!"

"மாட்டத்தான குடுத்த? பொண்ணயுமா குடுத்த? உள்ள வந்து கூட்டிக்கினு போ."

அவள் உள்ளே வந்தாள். பின்னாலேயே மகனும் வந்தான். அதற்குள் தெருவே கூடி நின்றது. பெரியப்பா இளஞ்செழியனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மூவரையும் ஏற்றிப்போன ஆம்புலன்சில், மருத்துவமனைவரை செல்லியம்மாள் தனுஷாவின் கையை விடவில்லை. அங்கே நர்ஸிடம் சொன்னது ஒன்றுதான்:

"மூணு பேரையும் ஒரே ரூம்ல போட்டுடாதம்மா."