கம்பிக்கு வெள்ளைப் பூச்சு

எழுபதுகளில், அக்காவின் பல்லில் கம்பி கட்டியிருந்த சமயம், வேலந்தாவளத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். கம்பி தெரியாமலிருக்க அப்பா அதன்மேல் வெள்ளை நகப்பூச்சைத் தடவினார். பூசுமுன் உலோகத்தை நன்கு உலர்த்த வேண்டும் என்பது விதி. எச்சில் ஊறும் வாயை எந்த விதிப்படி உலர்த்துவது?

மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டு லட்டை அக்காவுக்கு ஊட்டினார். மென்றதும் உதட்டில் வெள்ளைச் செதில்கள் ஒட்டின.

“ஏனுங்க, புள்ளைக்குப் பல்லு உதிருதுங்களா?”

“லட்டுல இருக்கற தேங்காப்பூவுங்க,” என்றார் அப்பா.

லட்டு அவர்கள் கொண்டுவந்தது. அந்த அம்மாள் அக்காவின் முகவாயைத் தூக்கிப் பார்த்தார். காபி வரும்முன்பே கிளம்பிவிட்டார்கள்.

மறுநாளே அப்பா கோயமுத்தூரில் கம்பியைக் கழற்ற வைத்தார். பாதி வழி வந்திருந்த பற்கள் பழைய இடத்துக்கே திரும்பின. அதன்பின் அக்கா வாயைப் பொத்தாமல் சிரித்து நான் பார்த்ததில்லை.