இரண்டு பேர் பார்க்க வேண்டும்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். சிராங்கூன் சாலையில் ஒரு கண்ணாடிக் கடையில் என் மூக்குக்கண்ணாடியின் திருகை இறுக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கைப்பேசி அடித்தது. கண்ணாடி இல்லாததால் திரையைத் தூரப் பிடித்துப் பார்த்தேன். திருவாட்டி சுகுணவதியின் பெயர் தெரிந்தது. நான் உடனே எடுக்கவில்லை. அவர் அனுப்பியிருந்த வேலை ஒன்றை எட்டு நாள்களாகப் பார்த்து முடிக்காமல் வைத்திருந்தேன். அதற்கு என்ன காரணம் சொல்வது என்று மனத்துக்குள் ஒரு வாக்கியத்தைச் சரிசெய்துகொண்ட பிறகே எடுத்தேன். எடுத்ததும் அந்த வாக்கியத்தைச் சொல்லவும் தொடங்கிவிட்டேன்.

"அங்கிள், நான் அவங்க மக இன்பா பேசறேன். அம்மா இன்னிக்குக் காலையில தவறிட்டாங்க. தூக்கத்துலயே. போன்ல கடைசியா உங்க மெசேஜ்தான் இருந்துச்சு, அதான் உங்களுக்குக் கூப்பிட்டேன்."

கடைசிச் செய்தி எதுவென்று எனக்குத் தெரியும். "அண்ணே, பார்த்தீங்களா?" என்று அவர் கேட்டிருந்தார். "பார்க்கிறேன்" என்று நான் எழுதியிருந்தேன்.

திருவாட்டி சுகுணவதியை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அவர் அரசு மருத்துவமனை ஒன்றில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புக்கிட் மேராவில் மகளோடு வசித்தார். அறுபத்திரண்டு வயதில், பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு பல்கலைக்கழகப் பகுதிநேர வகுப்பில் கணினி நிரல் எழுதக் கற்க வந்தார். நானும் அதே வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு அவரைவிட ஏழு வயது அதிகம். நூலகத்தில் நூற்பட்டியல் பிரிவில் வேலை செய்தவன். ஈசூனில் தனியாக இருப்பவன். வகுப்பில் சேர்ந்ததற்கு, சனிக்கிழமைகளில் போக ஓர் இடம் வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை.

முதல் வகுப்பிலேயே விரிவுரையாளர் இருவர் இருவராகச் சேரச் சொன்னார். பாடம் முழுவதும் அந்த இணையாகத்தான் வேலை செய்ய வேண்டும். இளையவர்கள் நாற்காலியைத் திருப்பி நொடியில் சேர்ந்துகொண்டார்கள். நான் எழுதுகோலின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் பையையும் தண்ணீர்ப் புட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தமிழ்தானே? அப்ப நல்லதாப் போச்சு. தப்பு பண்ணா நம்ம பாஷையிலயே திட்டிக்கலாம்," என்றார்.

அவர் என்னை ஒருநாளும் திட்டியதில்லை. திட்ட வேண்டிய நாளிலும் திட்டவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய பழக்கப்படி நான் ஒவ்வொரு கோப்பையும் எண்ணிட்டுத் தனித்தனியாகச் சேமித்து வைப்பேன். பாடம் மூன்று, பிரதி ஏழு, திருத்தியது, மறுபடி திருத்தியது என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். போதாததற்கு எல்லாவற்றையும் அச்செடுத்துக் கோப்புறையிலும் போட்டு வைத்திருந்தேன். திருவாட்டி சுகுணவதி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க இன்னும் ரிடையர் ஆகல லா," என்றார். பிறகு பொறுமையாக என் கணினியைத் தம் பக்கம் இழுத்து, ஒரே கோப்பின் எல்லா மாற்றங்களையும் வரலாறாகக் காத்து வைக்கும் முறையை, விரிவுரையாளர் சொல்லி எனக்குப் புரியாமல் போனதை, மீண்டும் காட்டினார். இருவருக்கும் பொதுவான ஒரே இடம். யார் எதை மாற்றினாலும், என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்பும் எழுதிச் சேர்க்க வேண்டும்.

மற்றவர்கள் அந்தக் குறிப்பில் 'சரிசெய்தேன்' என்று ஒரு சொல்லோடு நிறுத்துவார்கள். அவருடைய குறிப்புகள் வேறு மாதிரி இருந்தன. என்ன செய்தார், எதைத் தொடவில்லை, எதைக் கவனிக்க வேண்டும் என்று மூன்றும் இருக்கும். ஒருமுறை கேட்டேன்.

"வார்டுல பழக்கம்ணே. நான் வீட்டுக்குப் போயிருவேன். அடுத்த ஷிப்ட்டுக்கு வர்றவங்க என் மூஞ்சியப் பார்க்க மாட்டாங்க, எழுதி வச்சதத்தான் பார்ப்பாங்க."

வகுப்பின் செயல்திட்டமாக உண்மையில் யாருக்காவது பயன்படும் ஒரு மென்பொருளைச் செய்ய வேண்டும் என்றார் விரிவுரையாளர். திருவாட்டி சுகுணவதியின் வட்டாரத்தில் தனியாக இருக்கும் முதியவர்களைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டி வரும் தொண்டூழியர் குழு ஒன்று இருந்தது. யாரோடு யார், என்றைக்குப் போவது என்பதைக் காகிதத்திலும் கைப்பேசிச் செய்திகளிலும் தேடிக்கொண்டிருந்தார்கள். அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் பாடத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் மட்டுமே அது மென்பொருளில் சேரும். திருவாட்டி சுகுணவதிக்கு இந்த விதி மிகவும் பிடித்திருந்தது. ஆபத்தான மருந்தைக் கொடுக்கும்போது இரண்டு தாதியர் சேர்ந்து பார்ப்பார்களாம். பெயர், மருந்து, அளவு என்று ஒவ்வொன்றாக இருவரும் வாய்விட்டுப் படிக்க வேண்டுமாம். முதல் ஆள் சொன்னதற்குத் தலையாட்டுவது இரண்டாவது ஆளின் வேலை அல்ல என்பார்.

நான் தலையாட்டினேன். அவர் என்னைவிட வேகமாகக் கற்றார். அவர் எழுதியவற்றில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னால், இணை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அதனால் அவர் அனுப்புவதை மேலிருந்து கீழ்வரை ஓட்டிவிட்டு, 'பார்த்தேன், சரி' என்று எழுதி ஒப்புதல் கொடுத்துவிடுவேன்.

இனி வருவது என் குற்றம். முதியவர்களின் பெயர்கள் மூன்று பட்டியல்களிலிருந்து எங்களுக்கு வந்தன. ஒரே ஆள் இரண்டு மூன்று முறை இருந்தார். ஒரு பட்டியலில் தந்தை பெயர் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். அடையாள அட்டை எண் எங்களிடம் கிடையாது, கேட்கவும் கூடாது. எனவே திருவாட்டி சுகுணவதி ஒரு வழி செய்தார். பெயரிலுள்ள சொற்களை அகர வரிசைப்படி அடுக்கிக்கொண்டு, சொற்களும் முகவரியும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு ஒன்றை நீக்கிவிடும்படி எழுதினார். நல்ல யோசனைதான். நான்கே நிமிடங்களில் ஒப்புதல் கொடுத்தேன்.

நம் வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிறோம். காளிமுத்துவின் மகன் மாணிக்கம், மாணிக்கத்தின் மகன் காளிமுத்து. தந்தை மாணிக்கம் காளிமுத்து, மகன் காளிமுத்து மாணிக்கம். சொற்களை அடுக்கினால் இரண்டும் ஒன்றே. இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், இருவருமே பட்டியலில் இருந்தார்கள். எண்பத்து நான்கு வயது தந்தையை எங்கள் மென்பொருள் நீக்கிவிட்டு, பக்கவாதத்தால் கால் இழுத்துக்கொண்ட மகனை மட்டும் வைத்துக்கொண்டது. மருந்தகத்துக்குப் போக வேண்டிய காலையில் பெரியவர் சக்கர நாற்காலியில் தம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எட்டு மணியிலிருந்து பத்து மணி தாண்டியும் காத்திருந்தார். யாரும் வரவில்லை. எவருடைய பட்டியலிலும் அவர் இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் தமிழ்ப் பெயர்களைத்தான் பட்டியலிட்டேன். எது ஆளின் பெயர், எது தந்தையின் பெயர், பாட்டனும் பேரனும் எழுதிய நூல்கள் ஒரே பெயரின்கீழ் போய்விடாமல் எப்படிப் பிரிப்பது என்பதே என் தொழில். இந்த வகுப்பில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். படித்திருந்தால் முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை விரிவுரையாளர் அதை வகுப்பில் எடுத்துப் பேசினார். அவர் கடிந்துகொள்ளவில்லை. தவறு எப்படி நடந்தது என்று எல்லாரும் அறிய வேண்டும் என்பதற்காகத் திரையில் அந்த மாற்றத்தைக் காட்டினார். கீழே என் பெயரும், 'பார்த்தேன், சரி' என்ற சொற்களும் பெரிதாகத் தெரிந்தன. திருவாட்டி சுகுணவதி எழுந்து நின்றார். எழுதியது தாம், தவறும் தம்முடையது, அந்தப் பெரியவரிடம் தாமே போய் மன்னிப்புக் கேட்பதாக ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். விரிவுரையாளரின் கண் ஒரு கணம் என் பக்கம் வந்தது. நான் குனிந்து குறிப்பேட்டில் தேதியை எழுதினேன். ஏற்கெனவே எழுதியிருந்த தேதி.

வகுப்பு முடிந்ததும் அவர் என்னைத் தேக்கா சந்தைக்கு அழைத்துச் சென்றார். பக்கத்து ஈரச்சந்தையிலிருந்து மீன் வாடை வந்துகொண்டிருந்த ஒரு மேசையில் தே ஆலியா என்ற இஞ்சித் தேநீர் வாங்கி வைத்தார். நானே பேச்சைத் தொடங்கினேன். படிக்கவில்லை என்றேன். புரியவில்லை என்பதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது என்றேன்.

"எனக்குத் தெரியும்ணே. நாலு நிமிஷத்துல யாரு லா அதப் படிப்பாங்க?" என்றார்.

தேநீரை ஒரு கலக்குக் கலக்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"நான் தப்பு பண்ணுவேன்ணே. கண்டிப்பாப் பண்ணுவேன். அதுக்குத்தானே ரெண்டாவது ஆளு? நீங்க பார்த்திருக்கீங்கன்னு நம்பி நான் தைரியமா எழுதறேன். நீங்க பார்க்கலைன்னா நான் தனியா இருக்கேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது இன்றும் கேட்கிறது. தனியாக இருப்பது எனக்கு மட்டும் உரியது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு நிபந்தனை வைத்தார். அவர் எதை அனுப்பினாலும் நான் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். கேள்வி இல்லாத ஒப்புதலை அவர் ஏற்க மாட்டார். கேட்டேன். பெரும்பாலும் அற்பக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். பெயர்களைப் பிரிக்கும் பகுதியை என்னிடமே ஒப்படைத்தார். நான் எழுதியதை அவர் வரிவரியாகப் படித்துப் பதினொரு கேள்விகள் கேட்டார். என் வாழ்நாளில் நான் செய்த எதையும் எவரும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

பெரியவர் மாணிக்கத்தைப் பார்க்க இருவரும் போனோம். மன்னிப்பை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. "பரவால்லம்மா, கீழ உக்காந்திருந்தா நாலு பேரு போறதையாவது பார்க்கலாம்," என்றார்.

அந்த வீட்டிலிருந்து திரும்பியதும்தான் திருவாட்டி சுகுணவதி தம் கடைசி மாற்றத்தை எழுதத் தொடங்கியிருக்க வேண்டும். தொண்டூழியர் வருவதாக உறுதி சொல்லாவிட்டால், மென்பொருள் தானாகவே இன்னொரு தொண்டூழியருக்குத் தகவல் அனுப்பும். இனி யாரும் கீழே காத்திருக்கக் கூடாது என்பது குறிப்பின் முதல் வரி. அது வந்த அன்றே படித்தேன். நடுவில் ஓரிடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. இது அற்பமான சந்தேகம் அல்ல, அவர் எதையோ விட்டுவிட்டார் என்று பட்டது. உடனே என் பழைய பயமும் வந்துவிட்டது. அவர் விடுவாரா, எனக்குத்தான் புரியவில்லையோ என்று நினைத்தேன். மறுநாள் மீண்டும் படித்தேன். அதற்கு மறுநாளும். கேள்வியை எழுதி அழித்தேன். அப்படி எட்டு நாள்கள் போயின.

அவர் வீட்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் திருவாட்டி சுகுணவதியைக் கிடத்தியிருந்தார்கள். பழைய தாதியர் பலர் வந்திருந்தார்கள். நான் தூண் ஓரமாக நின்றேன். இன்பா என்னை எப்படியோ கண்டுபிடித்து வந்தார்.

"அம்மாவோட பார்ட்னர் நீங்கதானே அங்கிள்? தினம் காலையில காப்பியோட லேப்டாப்பத் திறந்துருவாங்க. அண்ணன் என்ன கேட்டிருக்காருன்னு பார்ப்போம்னு சொல்லுவாங்க."

அந்த எட்டுக் காலைகளிலும் திறந்திருப்பார். மண்டாய் தகனச்சாலைக்குப் போன பேருந்தில் ஓர் இருக்கை முழுவதும் எனக்கே கிடைத்தது.

மறுநாள் காலை கணினியைத் திறந்தேன். அவர் பெயர், அவர் அனுப்பிய மாற்றம், பக்கத்தில் 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்ற குறிப்பு, எதுவும் மாறியிருக்கவில்லை. முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். வீட்டில் கேட்க யாருமில்லை, ஆனாலும் படித்தேன். சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்தி, இப்படி எழுதினேன்: "சிஸ்டர், இரண்டாவது தொண்டூழியரும் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும்?" எதுவும் ஆகாது. மென்பொருள் அமைதியாக நின்றுவிடும். பெரியவர் மறுபடியும் கீழே காத்திருப்பார். என் சந்தேகம் சரியானதுதான். முதல் நாளே கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டு திருத்தியிருப்பார்.

குறையை நானே சரிசெய்தேன். குழுப் பொறுப்பாளரின் தொலைபேசி அடிக்கும்படி பதினான்கு வரிகள் சேர்க்க எனக்கு மூன்று நாள்கள் ஆயின. குறிப்பில் என்ன செய்தேன், எதைத் தொடவில்லை, எதைக் கவனிக்க வேண்டும் என்று மூன்றையும் எழுதினேன். அதன் பிறகுதான், அதைப் படிக்க இரண்டாவது ஆள் இல்லை என்பது உறைத்தது.

சென்ற சனிக்கிழமை வகுப்பில் எழுந்து நின்றேன். மாணிக்கம் என்ற பெரியவர் காத்திருந்ததற்குக் காரணம், படிக்காமல் ஒப்புதல் கொடுத்த நான்தான் என்று சொன்னேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும். பிறகு, நான் எழுதியதைப் படிக்க ஒருவர் வேண்டும் என்று கேட்டேன். படிப்பவர் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்பதையும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் கை உயர்த்தினார்.

திங்கட்கிழமை அவருடைய கேள்வி வந்தது. நல்ல கேள்வி. பதில் எழுதினேன். அதன் பின் இரண்டு மாற்றங்களும் சேர்ந்தன. இப்போது மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் திருவாட்டி சுகுணவதியின் மாற்றத்துக்குக் கீழே நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. பதில் பெற்றதாகக் குறித்து மூடிவிட அங்கே ஒரு பொத்தான் உண்டு. விரிவுரையாளர் மூடிவிடலாம் என்றார். நான் மூடவில்லை. காலையில் காப்பி போட்டதும் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.

சிஸ்டர், முழுவதும் படித்துவிட்டேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் ஷிப்ட் முடிந்தது. நீங்கள் எழுதி வைத்ததை நான் பார்த்துக்கொள்கிறேன்.